துண்டுக்குள் ஒரு பேரம்

“சாமி, எம்புள்ளைக்குத் தீக்குச்சி உரசத் தெரியாதுங்க!”

வணக்கம்கூட வைக்காமல் கத்தினார் மாட்டுத் தரகர் நாச்சிமுத்து. இடி விழுந்த வீட்டிலிருந்து ஓடி வந்தவர் போல முகம் வெளுத்திருந்தது.

ஊரே வந்து வாக்குக் கேட்கும் சாமியம்மா பனந்தோப்பில் குடியிருந்தார்; அவரைவிடப் பத்து வயது இளையவர். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எந்தப் புள்ளை?”

“இருக்கறதே ஒண்ணுதானுங்க. இதோ நிக்குதே, இதுதான்.”

பின்னால் நவீனா நின்றாள். இருபத்தொரு வயது. கைகட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு.

“நேத்து எங்க வீட்டு லைட்டர் கெட்டுப்போச்சுங்க. தீப்பெட்டியைக் கையில குடுத்தேன். போனைத் திருப்புற மாதிரித் திருப்பித் திருப்பிப் பாக்குறா! எனக்கு நெஞ்சே அடைச்சுப்போச்சு. பட்டன் தைக்கத் தெரியாது. கிணத்துல ஒரு வாளி தண்ணி சேந்தத் தெரியாது. இவளுக்கு ஓசூர்ல வேலையாம். நாளைக்கே பஸ் ஏறணுமாம். தனியா ரூம் எடுத்துப் பொங்கித் தின்னப் போறாளாம்!”

“அதுக்கு நான் என்ன செய்யட்டும்?”

“போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னாக் கேக்கமாட்டா. நீங்க சொன்னாக் கேப்பா.”

“போகக்கூடாதுன்னு சொன்னாப் போகமாட்டியா, அம்மிணி?” என்று நவீனாவிடம் கேட்டார் சாமியம்மா.

“நீங்க சொன்னாப் போகமாட்டேனுங்க சாமி,” என்றாள் நவீனா. “ஆனா நான் குச்சியை எடுக்கறதுக்குள்ள அப்பா புடுங்கிட்டாரு. அதையும் கேட்டுக்குங்க.”

“பின்னே? வீட்டைக் கொளுத்தறதுக்கு விடச் சொல்றியா?”

“வாளியை உள்ள விட்டாக் கயித்தைப் புடுங்குவீங்க. ஊசியை எடுத்தா ஊசியைப் புடுங்குவீங்க.”

“குத்திக்குவேடி!”

சாமியம்மா சிரிக்கவில்லை.

“தரகரே, நீங்க எந்த வயசுல அடுப்புப் பத்த வெச்சீங்க?”

“ஏழு வயசுங்க! அடுப்பு மட்டுமா? தண்ணி சேந்துவேன், சாணி அள்ளுவேன், கூழ் காய்ச்சுவேன்.”

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரு சொல்லிக் குடுப்பா? அப்பன் செத்துட்டான். ஆத்தா விடியறதுக்கு முன்னாடி காட்டு வேலைக்குப் போயிடும். வீட்டுல ஒரு ஈ காக்கா இருக்காதுங்க.”

“ஓ,” என்றார் சாமியம்மா.

பிறகு, “அம்மிணி, அந்தா இருக்கு அடுப்பு. விறகு, தேங்காய் நார், தீப்பெட்டி எல்லாம் பக்கத்துலயே இருக்கு. மூணு பேருக்கும் டீ வை” என்றார்.

நாச்சிமுத்து அடுப்புப் பக்கம் பாய்ந்தார். “நான் பத்த வெச்சுக் குடுத்தர்றனுங்க!”

“உக்காருங்க. நமக்கு ஒரு பேரம் இருக்கு. தோள்ல இருக்கற துண்டை எடுங்க.”

நாச்சிமுத்து உட்கார்ந்தார். பேரம் என்று கேட்டபின் எழுந்து போனதாக அவர் சரித்திரத்திலேயே இல்லை.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். கை உள்ளே இருக்கும்வரை வாய் திறக்கக்கூடாது. பேரம் படியும் முன் கையை உருவியவன் தோற்றவன். முப்பது வருஷத்தில் நாச்சிமுத்து ஒருதரம்கூட உருவியதில்லை. அந்தத் திமிரில் சம்பாதித்ததுதான் வீடும் தோட்டமும்.

“மாடு எதுங்க?”

“மாடு இல்ல. இந்தப் புள்ளையை இன்னும் எத்தனை வருஷம் வீட்டுல கட்டி வெக்கணும்? உங்க விலையைச் சொல்லுங்க.”

வலக்கையைத் துண்டுக்குள் நீட்டி அஞ்சு விரலையும் கொடுத்தார் நாச்சிமுத்து. இடக்கை துண்டின் ஓரத்தைப் பிடித்திருந்தது. அஞ்சையும் சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டார் சாமியம்மா.

எதிரே நவீனா முதல் குச்சியை உரசினாள்.

ஒடிந்தது.

நாச்சிமுத்துவின் கை துள்ளியது. பிடி இறுகியது.

இரண்டாவது குச்சி பற்றியது. காற்றில் அணைந்தது.

மூன்றாவதைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். நார் புகைந்தது. ஆனால் விறகை மூட்டை அடைப்பது போல அடைத்து வைத்திருந்தாள். காற்றுப் போக வழியில்லை. புகை கிளம்பித் தோப்பையே மூடியது.

ஒரு கட்டையை உருவுடி! வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்தார். துண்டுக்குள் கை இருக்கிறதே.

நவீனா இருமினாள். கண்ணைத் துடைத்தாள். இன்னொரு குச்சியை உரசினாள்.

“ஸ்ஸ்…”

விரலைச் சுட்டுக்கொண்டாள்.

நாச்சிமுத்துவின் உடம்பே எழுந்தது. பிடி விடவில்லை. நகம் சதையில் இறங்கியது. வலியில் அவர் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. சாமியம்மாவுக்கு இவ்வளவு பலமா!

நவீனா விரலை வாயில் வைத்துக்கொண்டு குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

நாச்சிமுத்துவுக்கு அது ஒரு சந்தை முழுக்கக் காத்திருந்தது போல இருந்தது.

அவள் கையை நீட்டி, ஒரு கட்டையை உருவினாள்.

குனிந்து ஊதினாள்.

குப்பென்று பிடித்தது.

“அப்பா! எரியுதுப்பா!”

மூக்கெல்லாம் கரி. புருவத்தில் பாதி கருகியிருந்தது. இந்த முகத்தை அவர் இதுவரை பார்த்ததில்லை.

பேரம் படிந்தால்தான் தரகன் வாய் திறப்பான்.

நாச்சிமுத்து வாய் திறந்தார்.

“ஓசூர் பஸ் எத்தனை மணிக்கு, அம்மிணி?”

அவள் அழுதாள். புகையால் என்று சொல்லிக்கொண்டாள்.

“கையை விடுங்க சாமி. மரத்துப்போச்சு.”

பிடி தளரவில்லை.

திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை. தோப்பின் அந்தக் கோடியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார் சாமியம்மா.

நாச்சிமுத்துவுக்கு வேர்த்தது. கைகளைத் தூக்கினார்; துண்டு நழுவி விழுந்தது.

அவருடைய வலக்கையின் அஞ்சு விரலையும், நகம் பதிய, அவருடைய இடக்கையே பிடித்திருந்தது.

“சாமி… நீங்க எப்ப எந்திரிச்சுப் போனீங்க?”

“முதல் குச்சி ஒடிஞ்சப்ப.”