செங்கொண்டை எண்ண மறந்தவர்கள்

காட்டாற்றின் இக்கரையில் செங்கொண்டை என்றொரு மரங்கொத்தி இருந்தது. சும்மா புழு தேடித் திரிகிற மரங்கொத்தி இல்லை, ஆராய்ச்சி செய்கிற மரங்கொத்தி! யாருக்கு நோய் வருகிறது, வைத்தியம் கிடைக்கிறதா, குணமாகிறதா என்று கவனித்து, கண்டதைத் தேக்கு மரத்தில் கொத்தி எழுதிவைக்கும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். அடுத்தவர் எழுதியதை எடுத்துச் சொன்னால், அவருடைய மரத்தடியில் ஒரு கூழாங்கல் போட வேண்டும். யார் மரத்தடியில் கல் அதிகமோ, அவருக்குத்தான் சபையில் தலைவர் யானையின் பக்கத்து இடம்.

செங்கொண்டையின் மரத்தடியில் கல் மலைபோலக் குவிந்திருந்தது. கோடை முழுக்கக் கரடி வைத்தியரின் குகை வாசலில் உட்கார்ந்து அது எழுதியதுதான் காரணம். 'கரடியிடம் வந்தவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள். இந்தக் காட்டுக்கு ஒரு வைத்தியர் போதும்.'

அடேயப்பா! வாயைத் திறந்தவர்கள் எல்லாம் இதையே சொன்னார்கள். நரி இருக்கிறதே, அதற்குச் சொந்தமாக ஒரு வரி எழுத வராது. ஆனால் செங்கொண்டையின் பேரைச் சொல்லாமல் தும்மக்கூடச் செய்யாது!

மழைக்காலம் வந்தது. ஆற்றில் வெள்ளம். அக்கரையிலிருந்து ஒரு முள்ளம்பன்றி, மிதந்து வந்த கட்டையைப் பிடித்துக்கொண்டு எப்படியோ சபைக்கு வந்து சேர்ந்தது.

"ஐயா! என் குட்டிக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. அதைத் தூக்கிக்கிட்டு ஆத்தைத் தாண்ட முடியலை. கரடிகிட்டத் தொழில் கத்துக்கிட்ட மந்தியை எங்க கரைக்கு வைத்தியரா அனுப்புங்கய்யா!"

நரி துள்ளி எழுந்தது. "எதுக்கு இன்னொரு வைத்தியர்? ஒருத்தர் போதும்னு செங்கொண்டை அக்கா எழுதியிருக்காங்களே!"

"ஆமா, எழுதியிருக்காங்க!" என்றது முயல்.

"நானும் அதைத்தான் சொல்றேன்!" என்றது காட்டுப்பூனை.

ஆளுக்கொரு கல் போட்டார்கள். ஒருத்தராவது அக்கரைக்குப் போய்ப் பார்த்தாரா? இல்லவே இல்லை!

முடியாது என்று சொல்ல யானை வாயெடுத்தது. செங்கொண்டையோ முள்ளம்பன்றியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. 'கோடை முழுக்கக் குகை வாசலில் இருந்தேன். ஒரு முள்ளம்பன்றிகூட அங்கே வரவில்லையே!'

"ஐயா, கொஞ்சம் பொறுங்க! இதோ வந்துடறேன்!" என்று சொல்லிவிட்டு அக்கரைக்குப் பறந்தது.

அங்கே முள்ளம்பன்றிக் குட்டி கண் திறக்காமல் முனகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கால் புண்ணோடு ஒரு மான்.

"நீ ஏன் கரடிகிட்ட வரலை?" என்று கேட்டது செங்கொண்டை.

"எப்படி வர்றது? கோடையிலயும் இந்த ஆறு ஆளை இழுத்துடும். போன கோடையில என் தங்கச்சி காய்ச்சலோடயே போயிட்டா" என்று மான் அழுதது.

கோடையிலும் இழுப்பு குறையாத ஆறு அது. சிறகு இருக்கிறவருக்கு அது எங்கே தெரியப்போகிறது! செங்கொண்டை தன்னையே நொந்துகொண்டது. வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, வரமுடியாதவர்களை விட்டுவிட்டோமே!

செங்கொண்டை திரும்பி வந்ததும் நரி வழியை மறித்தது. விஷயத்தைக் கேட்டதும் கிட்டே வந்து கிசுகிசுத்தது.

"அக்கா, வாயைத் திறக்காதீங்க! நீங்க எழுதினது தப்புன்னா, அதை வச்சுப் பேசின எங்க பேச்செல்லாம் என்ன ஆகும்? உங்க கல்லும் போகும், தலைவர் பக்கத்து இடமும் போகும்!"

செங்கொண்டை தன் கற்குவியலைப் பார்த்தது. ஆசை இல்லாமலா இருக்கும்? ரொம்பவே இருந்தது. ஆனால் அந்தக் குட்டியின் முனகல் காதை விட்டுப் போகவில்லை.

நேரே சபைக்குப் போனது. "நான் எழுதினது தப்பு! வரமுடியாதவங்களை நான் கணக்குல சேர்க்கவே இல்லை. அக்கரைக்கு வைத்தியர் கட்டாயம் வேணும்!" என்று எல்லார் முன்னாலும் சொன்னது. சொன்னதோடு விடாமல், தேக்கு மரத்தில் பழைய வரியைக் கொத்தி அழித்துப் புதிதாக எழுதியது.

"ஏமாத்திட்டியே!" என்று நரி கத்தியது. போட்ட கல்லை ஒவ்வொருவராகத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதைப் பார்க்கச் செங்கொண்டைக்கு வலிக்கத்தான் செய்தது. அழுகையை அடக்கிக்கொண்டு நின்றது.

யானை அங்கே நிற்கவில்லை. மந்தியையும் முள்ளம்பன்றியையும் முதுகில் ஏற்றிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கிவிட்டது!

விடிய விடிய மந்தி மூலிகை அரைத்து ஊட்டியது. காலையில் குட்டி கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்குது!" என்றது. தாய்க்கு அழுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை. மந்தி அக்கரையிலேயே தங்கிவிட்டது.

யானை திரும்பி வந்து, "செங்கொண்டை, கல்லு கிடக்கட்டும். உன் இடத்துல வந்து உட்காரும்மா" என்றது.

"வர்றேன் ஐயா. அதுக்கு முன்னாடி மலைச்சரிவுக்கு ஒரு நடை போயிட்டு வந்துடறேன். அங்கேயிருந்தும் யாரும் கரடிகிட்ட வந்ததே இல்லை!" என்று சொல்லிவிட்டுச் செங்கொண்டை பறந்தது.

ஊரே எடுத்துச் சொன்னாலும் தவறு தவறுதான். அதைத் தானே முன்வந்து திருத்துகிறவரின் அறிவுதான் பிறர் உயிரைக் காக்கும்.