கொம்பையா மாடியில கீரை போட்ட கதை

ஒரு ஊர்ல ஒரு லாரி டிரைவர் இருந்தாரு. பேரு... கொம்பையான்னு வச்சுக்கோயேன். மீசை இந்தக் காதுலருந்து அந்தக் காது வரைக்கும் இருக்கும். ஏட்டி, நீ ம் கொட்டணும். ம் கொட்டுனாத்தான் தாத்தா வண்டி நகரும்.

"ம்."

ஆங். அவரு முப்பத்தஞ்சு வருசம் லாரி ஓட்டினாரு. ப்பாம்ம்னு ஹாரன் அடிச்சா ஊர்ல இருக்குற நாயெல்லாம் எந்திரிச்சு நிக்கும். ஓட்டி முடிச்சு, வண்டியக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்து உக்காந்தாரு. வீட்டுல அவரு பொஞ்சாதி ஆவுடை. ஒரே பொண்ணு வடிவு. வடிவக் கட்டிக்குடுத்தாச்சு, அது சென்னையில இருக்கு. வயித்துல பாப்பா.

"பாப்பாவா?"

ஆமா. அதத்தான் சொல்ல வாரேன். அஞ்சாம் மாசம் ஆகியும் அந்தப் புள்ளைக்கு வாந்தி நிக்கல. சோத்தப் பாத்தா உவ்வே. கொழம்பப் பாத்தா உவ்வே. ஒருநா போன்ல அழுவுது. "யப்பா, கடையில வாங்குற காய் கீரை எல்லாத்துலயும் ஒரே பூச்சிமருந்து வாடை அடிக்குப்பா. வீட்டுல முளைச்ச பச்சையா எதாச்சும் கெடைச்சா ரெண்டு வாய் சோறு எறங்கும்"ங்குது.

கொம்பையா உடனே, "ரெண்டு மாசத்துல உனக்கு வளைகாப்புத்தானே, இங்கதானே வரப்போற. நம்ம மாடியில அப்பாவே போட்டு வளத்து, என் கையால பறிச்சுத் தாரேன்"ன்னாரு. அந்தப் பக்கம் வடிவு லேசா சிரிச்சுச்சு. "சரிப்பா. நீங்க எப்பவும் சொல்றதுதானே"ன்னு வச்சிருச்சு.

அந்தச் சிரிப்பு அவருக்கு முள்ளு மாதிரி தைச்சுது பாத்துக்கோ. ஏன்னா அது நெசம். வடிவு பொறந்தப்போ அவரு நாக்பூர்ல. காது குத்துனப்போ டயர் வெடிச்சு நடுரோட்டுல. பள்ளிக்கூடத்துல ஆடப்போறேன், வாங்கப்பான்னு கேட்டுச்சு, வாரேன்னாரு, போய்ச் சேந்தப்போ ஆட்டம் முடிஞ்சு பள்ளிக்கூட கேட்டப் பூட்டிட்டாங்க. வாரேன் வாரேன்னு சொல்லியே வராத அப்பா. இந்த ஒரு தடவையாச்சும் சொன்ன நேரத்துக்குச் சொன்னதச் செஞ்சிரணும்னு அவருக்கு ஒரே வைராக்கியம்.

ஆவுடை கேட்டா, "நான் வேணா வெதைக்கட்டா? எங்க அம்மா கீரை போட்டவதான்." "நீ தலையிடாத. வாக்குக் குடுத்தது நானு"ன்னுட்டாரு. வெறப்பப் பாரு அந்த ஆளுக்கு!

அப்புறம் என்ன பண்ணாரு, ஒரு பெயிண்ட் வாளிய எடுத்தாரு. மண்ணக் கொட்டினாரு, தொப்பு தொப்புன்னு. அடுக்களைக்குள்ள போயி ஒரு டப்பாவத் திறந்தாரு. உள்ள கொத்தமல்லி வெதை. ரெண்டு கை அள்ளினாரு, வெதைச்சாரு, தண்ணி தெளிச்சாரு. ஒரு நா ஆச்சு. ரெண்டு நா ஆச்சு. பத்து நா ஆச்சு. ஒண்ணும் காணோம். இருபதாம் நாள் பாத்தா, பச்சுன்னு ஒரே ஒரு முளை! ப்பாம்ம்னு வாயாலயே ஹாரன் அடிச்சிட்டாரு. "ஆவுடை! மல்லி வந்துருச்சு!"

ஆவுடை வந்து குனிஞ்சு பாத்தா. கிள்ளி மோந்தா. "ஏங்க, இது மல்லி இல்ல, தும்பைச் செடி. தானா வந்திருக்கு. ஆமா, வெதைய எங்க எடுத்தீக?" அவரு டப்பாவக் காட்டினாரு. ஆவுடை தலையில அடிச்சுக்கிட்டா. "அது சாம்பார்ப் பொடிக்கு நான் வறுத்து வச்சது! வறுத்த வெதை எந்தக் காலத்துல முளைச்சுது?"

"ஹி ஹி..."

சிரி சிரி. கொம்பையாவுக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. தும்பையப் பிடுங்கப் போனாரு. அப்புறம் என்ன நெனைச்சாரோ, "கூப்பிடாமலே வந்திருக்கு, கெடந்துட்டுப் போவுது"ன்னு விட்டுட்டாரு. இன்னும் நாப்பது நாள்தான் இருந்துச்சு.

அப்போ ரெண்டாவது தடவ. கடைக்குப் போயி நல்ல வெதையா, சிறுகீரை வெதை வாங்கியாந்தாரு. கறுப்பா, கடுகவிடப் பொடிசா இருக்கும். புதுத் தொட்டியும் வாங்கினாரு. தொட்டியத் திருப்பிப் பாத்தா அடியில நாலு ஓட்டை! "ஆகா, ஏமாத்திட்டான்யா, ஓட்டைத் தொட்டியத் தலையில கட்டிட்டான்!" முப்பத்தஞ்சு வருசம் டயர்ல ஓட்டை அடைச்ச கையாச்சே, சும்மா இருக்குமா? பழைய பஞ்சர் டப்பாவ எடுத்தாரு. சர்ரக் சர்ரக்னு தேச்சாரு. பசை தடவுனாரு. நாலு ஓட்டைக்கும் நாலு பஞ்சர் ஒட்டு ஒட்டிட்டாரு!

அப்புறம் மண்ணப் போட்டு, வெதையப் போட்டு, காலையில ஒரு வாளி, மத்தியானம் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. குபுகுபு குபுகுபுன்னு ஊத்துறாரு. தண்ணி போக வழி? தொட்டிக்குள்ள சளக் புளக், சளக் புளக். பன்னெண்டாம் நாள் ஒரு வாடை வந்துச்சு பாரு! வெதையெல்லாம் அழுகிப்போச்சு. கொசுவுக்குத்தான் கொண்டாட்டம்.

ஆவுடை தொட்டியக் கவுத்துப் பாத்தா. அடியில நாலு பஞ்சர். சிரிச்சா பாரு, மாடிப்படியிலயே உக்காந்து சிரிச்சா. "ஏங்க, அது தண்ணி வடியுறதுக்கு வச்ச ஓட்டைங்க! செடிக்கு ஈரம் போதும், நீச்சல் கொளமா வேணும்?" அவருக்குச் சிரிப்பு வரல. கண்ணு கலங்கிருச்சு. "இருபத்தெட்டு நாள்தான் இருக்கு ஆவுடை. இந்தத் தடவையும் நான் லேட்டாத்தான் போவேன் போல"ன்னாரு.

தூங்கிட்டியா?

"இல்ல. அப்புறம்?"

அப்புறம் ஆவுடை சிரிப்ப நிறுத்திட்டு, பக்கத்துல வந்து உக்காந்தா. "கை உங்க கையாவே இருக்கட்டும். வாய் மட்டும் என் வாயா இருக்கட்டும். நான் சொல்றேன், நீங்க செய்யுங்க"ன்னா. அவரும் வெறப்ப எறக்கி வச்சாரு. ஒட்டுனதையெல்லாம் பிச்சு எறிஞ்சாங்க. ஓட்டை மேல ஒடைஞ்ச பானை ஓட்டாஞ்சில்ல வச்சாங்க. மண்ணு ஒரு பங்கு, மக்குன சாணி ஒரு பங்கு. வெதையோட ஒரு கை மணலச் சேத்து, பொலபொலன்னு மேலாப்புல தூவினாரு. "மணல் சேத்தாத்தான் ஒரே எடத்துல விழாம பரவும்"னா ஆவுடை. மேல லேசா மண்ணு. தண்ணிய ஊத்தல, கையால சில்சில்னு தெளிச்சாரு.

மூணாம் நாள் காலையில போய்ப் பாத்தா, அடப் போடா! தொட்டிலருந்து சொவரு வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு. சரசரசரன்னு நகருது. எறும்பு! ஒவ்வொண்ணும் ஒரு கீரை வெதையத் தலையில தூக்கிக்கிட்டு கல்யாண ஊர்வலம் போவுது. பாதி வெதைக்கு மேல போயாச்சு!

கொம்பையாவுக்கு வந்துச்சே கோவம். ஓடிப்போயி எறும்பு மருந்துப் பொடி வாங்கியாந்துட்டாரு. ஆவுடை கையப் பிடிச்சுக்கிட்டா. "அந்தப் புள்ள மருந்து வாடை ஆகலன்னுதானே அழுதா? அவ திங்குற கீரையில மருந்தப் போடப்போறீகளா?" கை அப்படியே நின்னுபோச்சு.

அப்போ ஆவுடை வாசல்ல கெடந்த கோலத்தப் பாத்தா. பளிச்சுன்னு வெள்ளையா இருக்கட்டும்னு இந்த வீட்டுக்கு வந்ததுலருந்து கல்லு மாவுலதான் கோலம் போடுவா. எறும்பு வந்து நக்கிப் பாக்கும், தூ கல்லுன்னு போயிரும். "தப்பு என் மேலயும் இருக்குங்க. முன்னெல்லாம் பச்சரிசி மாவுலதான் போடுவேன். அதுகளுக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல"ன்னா.

உடனே அரிசி மாவ எடுத்தா. கொம்பையா கையில குடுத்தா. "போடுங்க." ஸ்டியரிங் பிடிச்ச கை கோலம் போட்டுச்சு. கோணலும் மாணலுமா, லாரி ரிவர்ஸ் எடுத்த மாதிரி, தொட்டிக்கு ஓரடி தள்ளிச் சுத்தி ஒரு வட்டம். மிச்ச வெதையத் தூவினாரு. எறும்பு வந்துச்சு. மாவ மோந்துச்சு. ஒரு எறும்பு இன்னொரு எறும்புகிட்டச் சொல்லுச்சாம், "ஏய், இங்கயே சாப்பாடு போட்டிருக்காங்க, எதுக்குத் தொட்டி ஏறிக்கிட்டு?" மொச்சு மொச்சுன்னு மாவத் தின்னுட்டு, கீழயே திரும்பிப் போயிருச்சு. தினமும் காலையில கொம்பையா கோலம் போட்டாரு. மீசை வச்ச ஆளு குத்த வச்சுக் கோலம் போடுறத எதுத்த மாடியில இருந்து வேடிக்கை பாத்தாங்க. பாத்துட்டுப் போறாங்க!

மறுபடி வெதைச்சப்போ இருபத்தஞ்சு நாள் இருந்துச்சு. மூணாம் நாள் முளை வந்துச்சு. பத்தாம் நாள் விரல் ஒசரம். நெருக்கமா இருந்ததப் பிடுங்கிக் களைச்சாரு. கீரை தளதளன்னு வந்துச்சு. இருபத்தஞ்சாம் நாள், ஒரு சாண்!

அன்னிக்குக் காலையில வடிவு ஆட்டோவுல வந்து எறங்குச்சு. கன்னம் ஒட்டிப்போயி, வயிறு மட்டும் இம்புட்டு. கொம்பையா மாடிக்கு ஓடுனாரு. பறிச்சாரு, கழுவுனாரு. ஆவுடை பருப்போட வேகவச்சுக் கொடுத்தா, கீரை மத்த வாங்கி அவரே கடைஞ்சாரு, கடகட கடகட. சூடா சோத்துல போட்டு, ஒரு சொட்டு நெய்யி விட்டு, முன்னால வச்சாரு. வச்சுட்டு மூச்சு விடாம நிக்காரு.

வடிவு மோந்து பாத்துச்சு. ஒரு வாய் வச்சுச்சு. உவ்வே வரல. ரெண்டாவது வாய். மூணாவது வாய். அப்புறம் எண்ணவே முடியல, தட்டு காலி. "இன்னும் கொஞ்சம் போடுங்கப்பா"ன்னுச்சு.

சாப்ட்டுட்டு மெதுவா மாடி ஏறுச்சு. பெயிண்ட் வாளியில அந்தத் தும்பை, வாளி நிறைய வெள்ளை வெள்ளையாப் பூத்துக் கெடந்துச்சு. வடிவு ஒரு பூவ எடுத்து சின்னப்புள்ள மாதிரி சுர்ருன்னு தேன் உறிஞ்சிட்டு, அவரப் பாத்துச் சொல்லுச்சு. "யப்பா, இந்தத் தடவ கேட்டப் பூட்டுறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்க."

கொம்பையா திரும்பிக்கிட்டுச் செடிக்குத் தண்ணி தெளிச்சாரு. தண்ணி செடியில விழலங்குறது வேற விசயம்.

"தாத்தா... எங்கம்மாகூட தும்பைப்பூல தேன் குடிப்பாங்களே?"

ஊர்ல எல்லாரும்தான் குடிப்பாங்க.

"வயித்துல இருந்த பாப்பா என்னாச்சு?"

அதுவா? அது வளந்து, ஏழு வயசாகி, தூங்கச் சொன்னா தூங்காம கேள்வியாக் கேட்டுக்கிட்டுக் கெடக்கு.

"அப்போ பஞ்சர் ஒட்டுனது நீங்கதானா?"

நானா? சேச்சே. அது கொம்பையா. கண்ணை மூடு. காலையில எந்திரிச்சு எறும்புக்கு நீயும் ஒரு கோலம் போடணும்ல.

கதை முளைச்சாச்சு, பறிச்சாச்சு, கட்டும் கட்டியாச்சு. தூங்குட்டி தங்கம்.

"ம்..."