சார்ட்டின் வெள்ளைப் பக்கம்

"இதுக்கு மேல எனக்குத் தெரியல மேடம்," என்றார் தில்லைவாணன்.

அவர் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரானிக்ஸ் பயிற்றுநர். எதிரே உட்கார்ந்திருந்த ரெபேக்கா, அவருக்குப் பாடம் நடத்தக் கற்றுக்கொடுத்தவர். வயதில் அவரைவிட இளையவர்.

மேஜை முழுக்கத் தில்லைவாணனின் உழைப்பு பரந்து கிடந்தது. பார்த்துப் படிக்கிறவர்களுக்கு வண்ண சார்ட். கேட்டுப் படிக்கிறவர்களுக்குக் குரல் பதிவு. தொட்டுப் படிக்கிறவர்களுக்குக் கழற்றி மாட்டும் பலகை.

"மத்தவங்க எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. நஸ்ரினுக்கு மட்டும் எதுவுமே ஏறல. கரண்டைச் சேர்த்து வைக்கிற கெப்பாசிட்டரைப் பத்திக் கேட்டா தலையைக் குனிஞ்சுக்கிறா. 'எனக்குப் படிப்பு வராது, திங்கள்லேர்ந்து வரல'ன்னுட்டா."

"இதையெல்லாம் செய்றப்ப உங்களுக்கு எப்படி இருந்தது?"

"எனக்கா? பாதி விஷயம் எனக்கே அப்பதான் மேடம் புரிஞ்சுது. அதை விடுங்க. அவளுக்குன்னு தனியா என்ன செய்றது?"

ரெபேக்கா சார்ட்டை எடுத்தார். எதுவும் எழுதாத வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி சுருட்டினார். தில்லைவாணன் கையில் கொடுத்தார்.

"நஸ்ரின்கிட்ட கொடுங்க. வெள்ளிக்கிழமை கெப்பாசிட்டர் பாடம் அவ நடத்தட்டும்."

"மேடம், அவளுக்கே தெரியாதே!"

ரெபேக்கா எழுந்து போய்விட்டார்.

நஸ்ரின் அதை வாங்கவே பயந்தாள்.

"நானா சார்?"

"நீதான்."

மறுநாள் அவளே அவரைத் தேடி வந்தாள். அதுவரை ஒரு கேள்விகூடக் கேட்காதவள்.

"கெப்பாசிட்டருக்குள்ள போன கரண்ட், திரும்பி வர்றப்ப எந்தப் பக்கமா சார் ஓடும்?"

"எதிர்ப்பக்கமா."

"அதைக் கண்ணால பார்க்க முடியுமா சார்?"

தில்லைவாணன் கரும்பலகையில் ஓர் அம்புக்குறி போட்டுக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை அவள் வகுப்பின் முன்னால் நின்றாள். ஒரு பேட்டரி. கட்டைவிரல் பருமனில் ஒரு கெப்பாசிட்டர். நடுவே பொம்மைக் காரிலிருந்து கழற்றிய மோட்டார், அதன் முனையில் காகிதத்தில் வெட்டிய விசிறி.

ஒயரைச் சேர்த்தாள். விசிறி விர்ரென்று சுற்றியது. மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றது.

"நிறைஞ்சிடுச்சு," என்றாள்.

பேட்டரியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். வெறுமனே கிடந்த இரண்டு ஒயர் முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்தாள்.

விசிறி சுற்றியது. எதிர்ப்பக்கமாக.



திரும்பி ஓடும் கரண்டுக்கு எத்தனையோ வருஷமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டவர் தில்லைவாணன். மெதுவாக உள்ளங்கையை விசிறியின் அருகே கொண்டுபோனார். காற்று பட்டது.

போய் முதல் பெஞ்சில் இடம் பார்த்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை காட்டும்மா," என்றார்.