கழிமுகத்தில் மிதந்த நார்

ஒரு கழிமுகத்தின் கரையில் தேங்காய் நார் ஒன்று இருந்தது. அதற்குத் தண்ணீர்தான் உறவு. மட்டையாக உப்பங்கழியில் மாதக்கணக்கில் ஊறிக் கிடந்தபோது, நீர் அதன் இழை இழையாகப் புகுந்து புறப்படும். இரண்டும் பேசாத பேச்சில்லை.

பிறகு மனிதர்கள் அதை எடுத்துப் போனார்கள். சோடாக்காரம் கரைத்த தண்ணீரில் வேகவைத்தார்கள், ஏதோ மருந்தில் முக்கினார்கள், வெயிலில் உலர்த்தினார்கள். பழைய வலைக்குள் திணித்து, நீளத் தலையணை போலத் தைத்து, படகுத்துறைக் கொட்டகையில் போட்டார்கள்.

ஒருநாள் கொட்டகைக்குள் சாரல் அடித்தது. நார் ஆசையோடு காத்திருந்தது. துளிகள் அதன்மேல் விழுந்தன, உருண்டன, தரைக்குப் போய்விட்டன. ஒன்றுகூட உள்ளே வரவில்லை. தன்னை என்ன செய்துவிட்டார்கள் என்று நார் பதறியது. பக்கத்தில் கிடந்த நங்கூரக் கயிறு, இனி உனக்குத் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய்தான் ஒட்டுமாம், அப்படித்தான் பேசிக்கொண்டார்கள் என்றது. அதன்பிறகு நாருக்கு நிம்மதியே இல்லை. எண்ணெய் எப்படியிருக்கும் என்றுகூட அதற்குத் தெரியாது.

ஐப்பசிக் காற்றில் ஒரு சரக்குப் படகு முகத்துவாரத்தில் தரைதட்டியது. அடிப்பக்கம் கிழிந்து கருப்பு எண்ணெய் கசிந்தது. கடல் ஏறத் தொடங்கியதும் அந்த எண்ணெயும் கழியை நோக்கி வந்தது.

கழிக்குள் அலையாத்திக் காடு. அந்த மரங்கள் சேற்றுக்கு மேலே விரல் விரலாக வேரை நீட்டி மூச்சு விடுபவை. எண்ணெய் அந்த வேர்களை மூடினால் காடு மூச்சுமுட்டிச் சாகும். காடு போனால் நண்டும் இறாலும் போகும்.

அங்கே நண்டு பிடித்துப் பிழைப்பவர்கள் சகாயராணியும் அவள் அண்ணன் மனைவி பிரகாசியும். இருவரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கழியின் குறுகலான வாயில் கம்பு நட்டு, நார்த் தலையணைகளை வரிசையாகக் கட்டினார்கள்.

"மைனி, இது நிக்குமா? வெறும் நாருல்லா?" என்றாள் சகாயராணி.

"நிக்கலேன்னா பொறவு அழுவோம். இப்போ முடிச்ச இறுக்கிப் போடு."

வெறும் நார்தானே, நிற்பேனா என்றுதான் அந்த வரிசையில் இருந்த நாரும் நினைத்துக்கொண்டிருந்தது. கீழே நீர் அதைத் தாங்கி மிதக்க வைத்தது. பழைய நினைப்பில் நார், உள்ளே வரமாட்டாயா என்று கேட்டது.

"உனக்குள் எனக்கு வழியில்லை" என்றது நீர். "அந்த எண்ணெய் என் முதுகில் ஏறி வருகிறது. எனக்கு அதை உதறத் தெரியவில்லை. உன் பின்னால் ஒரு கன்று நிற்கிறது, பார்த்துக்கொள்."

பின்னால் நேற்று முளைத்தது போல ஓர் அலையாத்திக் கன்று நின்றது. வந்துவிட்டதா என்று அது மெல்லக் கேட்டது. இல்லை என்று சொல்ல நாருக்கு ஆசை. ஆனால் தூரத்தில் நீர் கறுத்துப் பளபளத்தது.

"வருகிறது. என் பின்னாலேயே இரு."

"எனக்கு வேறெங்கும் போகத் தெரியாது" என்றது கன்று.

எண்ணெய் சத்தமில்லாமல் வந்தது. கோபமாக வந்திருந்தால்கூட நாருக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. தனக்கு யாரோடும் சண்டையில்லை என்றது எண்ணெய். கொஞ்சம் வழிவிட்டால் ஓரமாகப் போய்விடுவதாகச் சொன்னது. இல்லாவிட்டால் உள்ளே வந்துவிடுவேன், வந்தால் அப்புறம் நீ நாராக இருக்கமாட்டாய் என்றும் சொன்னது.

அதுதான் நாரின் பயமும். அது கன்றின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் உறுதி கலைந்துவிடும் போலிருந்தது. வழிவிடாமல் தன் இழைகளைத் திறந்து கொடுத்தது.

முன்பு நீர் குடியிருந்த இடமெல்லாம் எண்ணெய் புகுந்தது. நாற்றம், பிசுக்கு, கனம். நிரம்ப நிரம்ப இன்னும் வந்தது. ஒவ்வொரு அலையும் பிழிந்து பார்த்தது. ஒழுகிவிடுவேனோ, இப்போது ஒழுகிவிடுவேனோ என்றே நாருக்குப் பொழுது போனது. ஒருமுறை ஒழுகவும் செய்தது. மெல்லிய எண்ணெய் ஏடு ஒன்று அடியில் நழுவிப் போய்க் கன்றின் வேர் ஒன்றைத் தொட்டது. கன்று இருமியது. நார் இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டது.

கடல் வடியத் தொடங்கியதும் பெண்கள் வந்தார்கள். சகாயராணி நார்களுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். தண்ணீர் வழக்கம்போலச் சேற்று நிறத்தில் கிடந்தது. கன்று நின்றது. அடக்கியிருந்த மூச்சை விட்டாள்.

"என்ன கனம் கனக்கு" என்று பிரகாசி நாரைத் தூக்கினாள்.

உள்ளேயிருந்து எண்ணெய் சிரித்தது. "உன் நிறத்தைப் பார். இனி நீ வேறு, நான் வேறா?"

நார் பார்த்தது. கன்னங்கரேலென்று இருந்தது.

பிரகாசி அதை இரண்டு உருளைகளுக்கு நடுவில் கொடுத்துப் பிழிந்தாள். எண்ணெய் பீப்பாய்க்குள் கொட்டியது. நசுங்கித் தொங்கிய நாரை எரிக்கப் போட்டுவிடலாமா என்று சகாயராணி கேட்டாள். பிரகாசி கட்டைவிரலால் அழுத்தினாள். நார் மெல்ல நிமிர்ந்தது.

"இன்னும் உசுரு இருக்கு. அடுத்த ஏத்தத்துக்கு ஆகும்."

மறுபடி கடல் ஏறியது. முகத்துவாரம் மறுபடி கறுத்தது. முதல் தடவை நாருக்கு எண்ணெயைத் தெரியாது. இந்தத் தடவை தெரியும்.

தெரிந்தே இறங்கியது.