நடுக்கதவுக்கு ஒரு பிடி

குருவுக்கு வயது முப்பத்துநாலு. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

மடமும் இல்லை, மரத்தடியும் இல்லை. கரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பெரிய கறுப்புக் குடை, அதன் கீழே பூட்டு ரிப்பேர்க் கடை. குருவின் பெயர் தமயந்தி. சீடர் கருணாகரன், நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குருவை "டீச்சர்" என்பார். குரு அவரை "சார்" என்பாள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு இதில் யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று கடைசிவரை பிடிபடாது.

சீடருக்கு உட்காரவே வராது. ஸ்டூலில் உட்கார்ந்தால் முழங்கால் தையல் மிஷின் ஓட்டும். எழுந்தால் குடைக்கம்பியில் தலை இடிக்கும். மறுபடி உட்காருவார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் முதல்முறை வந்தபோதே அப்படித்தான் வந்தார். சாவி இல்லாமல் பூட்டைத் திறக்கக் கற்றுத் தர வேண்டும் என்றார். குரு அவரை மேலும் கீழும் பார்த்தாள். செருப்பைப் பார்த்தாள். திருடனுக்கு இவ்வளவு அவசரம் இருக்காது என்று நினைத்திருக்க வேண்டும்.

"யாரு வீட்டுப் பூட்டுங்க சார்?"

"என் வீட்டுதுதான்."

"சாவி?"

"கிணத்துல கெடக்குது."

"யாரு போட்டது?"

கருணாகரன் சுற்றுமுற்றும் பார்த்தார். "நான்தான்" என்றார்.

அப்புறம் கதை வந்தது. ஒரே வீடு, நடுவில் சுவர் வைத்து இரண்டு பாகம். ஒன்றில் அண்ணன் சதாசிவம், மற்றதில் இவர். நடுவில் ஒரு கதவு மட்டும் பொதுவாக இருந்தது, குழம்புக் கிண்ணம் போய்வர. பதினோரு வருஷத்துக்கு முன்னால் தண்ணி மோட்டாருக்கு சுவிட்ச் யார் பக்கம் வைப்பது என்று பேச்சு வந்தது. பேச்சு வளர்ந்து தெருவுக்கு வந்தது. தெருவில் நின்று, அத்தனை பேர் பார்க்க, இவர் சத்தியம் செய்தார். இனி உன் வாசப்படியை மிதித்தால் நான் நம்ம அப்பனுக்குப் பிறக்கவில்லை. சொன்ன வேகத்தில் உள்ளே வந்து நடுக்கதவைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் எறிந்தார்.

தெரு அதை மறக்கவில்லை. பால்காரர் முதல் இஸ்திரிக்காரர் வரை எல்லாரும் இன்றைக்கும் அந்தச் சத்தியத்தை அவர் குரலிலேயே செய்து காட்டுவார்கள். 'அப்பனுக்கு' என்கிற இடத்தில் மூக்கால் ஓர் இழுப்பு, வலது கையில் ஆள்காட்டி விரல், இடுப்பில் வேட்டி நழுவுகிற மாதிரி ஒரு பிடிப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்னும் நன்றாகச் செய்வார்கள்.

இப்போது அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. சுவர் மெல்லியது. ஒவ்வொரு இருமலும் இந்தப் பக்கத்துச் சோற்றுத் தட்டில் வந்து விழுகிறது. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை அண்ணன் மகள் வந்து அவரையும் அண்ணியையும் ஓசூருக்குக் கூட்டிப்போகிறாள், ஒரேயடியாக. அந்தப் பாகத்தை விலை பேசியாயிற்று. அதற்குள் அண்ணன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

தெரு வழியாகப் போனால் பதினாலே எட்டு வைத்தால் போதும். ஆனால் வாசப்படி இருக்கிறது. நடுக்கதவுக்கு வாசப்படி கிடையாது, தரையோடு தரை. அந்த வழியாகப் போனால் சத்தியம் தப்பாது. மூன்று நாள் யோசித்துக் கண்டுபிடித்தாராம். சொல்லும்போது ஹைகோர்ட்டில் வாதம் முடித்த வக்கீல் மாதிரித் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். வீட்டில் சம்சாரத்திடம் சொன்னதற்கு அந்தம்மா, "வெவரந்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாராம்.

கதவை உடைக்கலாமே என்று குரு கேட்கவில்லை. சிரிக்கவும் இல்லை. ஒரு டப்பா நிறையப் பழைய பூட்டுகளைக் கவிழ்த்து அவர் முன்னால் தள்ளினாள்.

நெம்பும் கம்பிகளைச் சீடரே செய்தார். இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு உடைந்தது ஒன்று, பழைய குடைக்கம்பி. சாணை பிடித்து, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நாலே நாளில் குருவின் கம்பிகளை விடப் பளபளப்பாக ஒரு செட். ஃபிட்டர் கை அல்லவா. எட்டாம் நாள் டப்பாவிலிருந்த பூட்டெல்லாம் ஒவ்வொன்றாக வாயைப் பிளந்தன.

ஒன்பதாம் நாள் கேள்வி கேட்டார்.

"டீச்சர், கை வலிக்குது. எந்த மாதிரி பிடி போட்டா வலிக்காது?"

குரு அவர் கம்பியை வாங்கினாள். டீயில் படிந்திருந்த ஆடையை அதன் நுனியால் தூக்கி எறிந்தாள். டீயைக் குடித்தாள். கம்பியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"பிடி நல்லாத்தான் இருக்குதுங்க சார்."

சீடர் வீட்டுக்குப் போய் இரவெல்லாம் அந்த ஆடையைப் பற்றியே நினைத்தார். மெல்லப் பிடி என்கிறாரா? மேலாகப் பிடி என்கிறாரா? விடிந்ததும் கம்பிக்கு சைக்கிள் ட்யூபைச் சுற்றிக்கொண்டு வந்தார். குரு அழுத்திப் பார்த்து, நல்லா இருக்குது என்றாள். மறுநாள் பைப் ஓட்டை அடைக்கிற எம்-சீல் பசையைப் பிசைந்து தன் விரல் பதிவோடு காயவைத்துக் கொண்டுவந்தார். அதற்கும் நல்லா இருக்குது. ஷட்டில் மட்டையின் ரப்பர் உறை வந்தது. அதுவும் நல்லா இருக்குது. கடைசியில் கொய்யாக் கட்டையைக் கடைந்து, உள்ளங்கைக்குள் குருவிக்குஞ்சு மாதிரி உட்காருகிற ஒரு பிடி. சாவி போட வந்த பேங்க் மேனேஜர்கூட அதை வாங்கிப் பார்த்து, பேனாவுக்கு இப்படி ஒன்று கிடைக்குமா என்று விசாரித்தார்.

"இதுலயும் வலிக்குது டீச்சர்" என்றார் சீடர். அன்று புதன்கிழமை.

குரு ஒரு பூட்டைத் தூக்கிப் போட்டாள். அவர் பேச்சுவாக்கில் திறந்தார். இன்னொன்று. அதையும் திறந்தார். ஆறாவதும் திறந்தாயிற்று.

"இப்ப வலிக்குதுங்களா?"

கருணாகரன் கையை விரித்துப் பார்த்தார். "இல்ல."

"எங்க வலிக்குது?"

எங்கே என்று அவருக்குத் தெரியும். வீட்டில் நடுக்கதவின் முன்னால் குந்துகிறார். கம்பியை உள்ளே விடுகிறார். அந்தப் பக்கம் இருமல் கேட்கிறது. உடனே விரல்கள் கொக்கி மாதிரி மடங்கிக்கொள்கின்றன, இரண்டு நிமிஷம்கூடத் தாங்காது. அங்கே மட்டும்தான். இதைச் சொன்னால் டீச்சர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்பட்டு, பிடியில் இன்னும் கொஞ்சம் மழமழப்பு வேண்டும் போல என்று சொன்னார்.

குரு குடையை மடக்கினாள். "கதவைப் பாத்துட்டு வந்துடலாம்."

தெருவில் அவர்கள் நடந்து போகும்போது இஸ்திரிக்காரர் பெட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கறுப்புக் குடையோடு ஒரு பெண், பின்னால் மூச்சு வாங்க இவர். இரண்டு பையன்கள் ஆள்காட்டி விரலைத் தூக்கி, மூக்கால் இழுத்து, 'அப்பனுக்கு' என்று ஆரம்பித்தார்கள். குரு திரும்பிப் பார்க்கவும் அடங்கினார்கள்.

நடுக்கதவு தேக்கு. மரத்துக்குள் பதித்த பூட்டு. சாவித் துவாரத்தைச் சுற்றிப் புதுக் கீறல்கள், இரண்டு வாரத்து வேலை. குரு அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சுவரோரம் சாய்ந்து நின்றாள்.

"தொறங்க சார்."

சீடர் குந்தினார். கொய்யாக் கட்டைப் பிடி உள்ளங்கையில் உட்கார்ந்தது. அந்தப் பக்கம் இருமல், இழுத்து இழுத்து, நடுவில் அண்ணி ஏதோ அதட்டுவது. விரல் மடங்கப் பார்த்தது. அவர் பல்லைக் கடித்தார். வியர்வை மூக்கு நுனியில் நின்றது. உள்ளே ஒன்று அசைந்தது. அடுத்ததும். பூட்டு திரும்பியது.

பதினோரு வருஷத்துப் பூட்டு, சின்ன விக்கல் அளவுக்குத்தான் சத்தம் போட்டது.

கருணாகரன் எழுந்து கதவைத் தள்ளினார். கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஒரு நூல் இடைவெளி விட்டு, நின்றுவிட்டது.

அவர் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். குறுக்கே ஒரு இரும்புப் பட்டை. அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாள். அன்றைக்கு இவர் சாவியைத் திருப்பின அதே நிமிஷம், அந்தப் பக்கமும் எதுவோ 'டணக்' என்றது இப்போதுதான் நினைவு வந்தது. அப்போது, இவருடைய கோபமே போதுமானதாக இருந்தது. அடுத்தவர் கோபத்தைக் காதில் வாங்கவில்லை.

குரு இடுக்கைப் பார்த்தாள். தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

"இதுல சாவித் துவாரமே இல்லீங்களே" என்றாள்.

சீடர் படபடத்தார். நாளை ஒரு நாள்தான் இருக்கிறது. மெல்லிய ஆக்ஸா பிளேடை இடுக்கில் விட்டு அறுக்கலாமா. கம்பியை வளைத்து அந்தப் பக்கமாகக் கொக்கி போட்டு இழுக்கலாமா. இன்னும் நீளமாக, இன்னும் வளைவாக, கைக்குப் பதமாக ஒரு பிடி போட்டு, ராத்திரிக்குள் செய்துவிடுவாராம். பேசிக்கொண்டே போனவர் நடுவில் நின்றார்.

இருமல் நின்றிருந்தது.

அண்ணியின் அதட்டலும் இல்லை. கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. பிறகு செருப்பு இல்லாத கால், தரையில் தேய்த்துத் தேய்த்து, இரண்டு எட்டு. அதற்கு மேல் வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது இந்தப் பக்கம் கேட்டது.

கருணாகரன் குரலைத் தாழ்த்தினார். காதோடு காதாகக் கேட்டார்.

"இந்தத் தாழ்ப்பாளுக்கு எந்த மாதிரி பிடி போடறது டீச்சர்?"

குரு குரலைத் தாழ்த்தவில்லை.

"அதுக்குப் பிடி ஏற்கெனவே இருக்குதுங்க சார், அந்தப் பக்கம். கூப்பிடுங்க."