அய்யாவுக்குப் புலி காட்டிய கதை

ஓணாம்பட்டிக்காரர்களைப் பற்றி வெளியூரில் பலவிதமாகப் பேசிக்கொள்வார்கள். அத்தனையும் உண்மைதான். அதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஊரில் எல்லாரும் ஒரே மாதிரி இருந்துவிட்டால், யாருக்குப் புத்தி அதிகம் என்கிற சண்டையே வராது பாருங்கள்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றே ஒன்றுதான். ஒருவர் ஒன்றைச் சொன்னால், சொன்னது சொன்னபடி செய்வது. ஒரு கல்யாணத்தில் சமையற்காரர் பிச்சைமணியிடம் கரண்டியைக் கொடுத்து, பாயசத்தைக் கிண்டிக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டுப் போனார். பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு போய்த் திரும்பி வந்தபோதும் பிச்சைமணி கிண்டிக்கொண்டுதான் இருந்தான். அடுப்பு எப்போதோ அணைந்து போயிருந்தது. அவர் நிறுத்தச் சொல்லவில்லையே என்றான். ஊரே அவனை மெச்சியது.

அந்தப் பிச்சைமணியின் அண்ணன்தான் அங்குசாமி. ஐம்பதைத் தொட்டவர், குடும்பத்துக்குப் பெரியவர். தனக்குப் புத்தி கொஞ்சம் மட்டு என்பது அவருக்கே தெரியும். தெரிந்திருப்பதால் மற்றவர்களைவிடத் தான் ஒரு படி மேல் என்றும் நினைத்துக்கொள்வார். இந்த இரண்டாவது நினைப்பால்தான் அவருக்கு எல்லாச் சங்கடமும் வந்தது.

அவருடைய அய்யா வெள்ளைச்சாமிக்கு எண்பது வயது. இளவட்ட வயதில் ஆரம்பித்து முட்டி மடங்குகிற வரைக்கும் ஊர்த் திருவிழாவில் புலிவேஷம் கட்டி ஆடியவர். ஆனால் புலியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் எப்போதோ, "உம்ம புலியைப் பார்த்தா நாய் நொண்டுற மாதிரி இருக்குவே" என்று சொல்லிவிட்டான். அது அய்யாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. இப்போது இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. கிழவர் அங்குசாமியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"டேய், கத்தி வைக்கிறதுக்கு முந்தி ஒரு புலியைக் காட்டிருடா. நான் ஆடுனது சரியா தப்பான்னு பார்த்துக்கிறேன். அப்புறம் கண்ணு வந்தாலும் சரி, போனாலும் சரி."

 காட்டுகிறேன் அய்யா என்று அங்குசாமி தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். தன் தலை என்பதால் பயப்பட ஒன்றும் இல்லை.

வேன் பிடித்தார்கள். அய்யா, அங்குசாமி, அவர் மனைவி சிட்டம்மாள், தம்பி பிச்சைமணி, மகள் செல்லக்கிளி, அவள் மடியில் கைக்குழந்தை என்று நாலு தலைமுறையும் ஏறிக்கொண்டது. டிரைவர் அந்தோணி வெளியூர்க்காரர், பாவம். மலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, "இனிமே வளைவா வரும். வாந்தி வராம இருக்கணும்னா தலையைத் திருப்பாம நேரா முன்னாடியே பாருங்க" என்று நல்ல எண்ணத்தில் சொன்னார்.

எல்லாரும் நேராகப் பார்த்தார்கள். இடது பக்கம் அருவி கொட்டியது. வலது பக்கம் பள்ளத்தாக்கில் மேகம் படுத்துக் கிடந்தது. ஒரு வளைவில் யானைக்கூட்டம் குட்டியோடு நின்றிருந்தது. முன்னால் போன கார்களில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். ஓணாம்பட்டிக் குடும்பம் மட்டும் அந்தோணியின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தது. பிடரியில் ஒரு மச்சம் இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள்.

வழியில் இட்லி சாப்பிடவும் அப்படியே இறங்கினார்கள். தட்டைக் குனிந்து பார்க்க முடியாததால் சட்னி எங்கே இருக்கிறது என்று கையால் தடவிக் கண்டுபிடித்தார்கள். குழந்தை மட்டும் நாலாபக்கமும் பார்த்துச் சிரித்தது. அதற்கு இன்னும் விவரம் தெரியாது என்று சிட்டம்மாள் சொன்னாள். மலை உச்சி வந்ததும், ஆறு பேரில் ஐந்து பேர் கழுத்து விறைத்து நிற்பதை அந்தோணி கவனித்தார். விஷயத்தைக் கேட்டு, இனிமேல் எங்கே வேண்டுமானாலும் பாருங்கள் என்று விடுதலை கொடுத்தார். அன்றிலிருந்து அவர் இவர்களிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

மலை ஊர் முழுக்கக் கடைகள்தான். வர்க்கி ரொட்டி, யூகலிப்டஸ் தைலம், கம்பளித் தொப்பி. ஏரிக்கரையில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தார்கள். தலைக்கு மேலே பலகை ஒன்று, குரங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள் என்றது. அங்குசாமி அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். வாசித்து முடிப்பதற்குள் ஒரு குரங்கு வந்து பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது.

"இப்ப நாம கொடுத்தோமா, அது எடுத்துச்சா?" என்று பிச்சைமணி கேட்டான்.

"எடுத்துச்சு. ஆனா கொடுக்கலைன்னு எப்படி நிரூபிப்ப? சாப்பாடு நம்மளது, வாயி அதோடது. பார்க்கிறவன் என்ன நினைப்பான்?" என்றார் அங்குசாமி.

அய்யாவும் அதுதான் நியாயம் என்றார். ஆகையால் புளியோதரையைத் திருப்பி வாங்குவதுதான் முறை என்று முடிவாயிற்று. பிச்சைமணி மரத்தடியில் நின்று குரங்கிடம் சட்டத்தை எடுத்துச் சொன்னான். அது கேட்டபாடில்லை. ஒவ்வொரு கவளமாகத் தின்று முடித்து, இலையை அவன் தலையில் போட்டது. இலை திரும்பி வந்துவிட்டதால் பாதிக் குற்றம் கழிந்தது என்று ஆறுதல் பட்டுக்கொண்டார்கள். பிறகு செல்லக்கிளிக்கு ஒரு யோசனை. இவ்வளவு காரத்தைத் தின்றதுக்குத் தண்ணீர் வேண்டாமா என்றாள். பலகையில் தண்ணீரைப் பற்றி ஒன்றும் இல்லை. எனவே இருந்த தண்ணீர் முழுவதையும் குரங்குக்குக் கொடுத்துவிட்டு, பசியோடும் தாகத்தோடும் மிருகக்காட்சிச் சாலைக்குப் போனார்கள்.

அங்கேதான் புலி இருந்தது.

அய்யாவைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனார் அங்குசாமி.   அகழிக்கு அந்தப் பக்கம் ஒரு புதருக்குப் பின்னால் புலி படுத்திருப்பதாகக் கூட்டம் பேசிக்கொண்டது. இந்தப் பக்கம் ஒரு பலகை. விலங்குகளுக்குத் தொந்தரவு செய்யாதீர்கள்.

குடும்பம் நின்றுவிட்டது. கூடிப் பேச ஆரம்பித்தார்கள்.

"பார்க்கிறது தொந்தரவா, இல்லையா?" என்று அங்குசாமி கேட்டார்.

சிட்டம்மாள் யோசித்தாள். "நான் குளத்துல குளிக்கும்போது ஒருத்தன் பார்த்தான்னு வைங்க. அது தொந்தரவுதான?"

"புலி குளிக்கலையே அண்ணி."

"தூங்குதுல்ல. தூங்குறப்ப ஒருத்தன் உத்துப் பார்த்தா உனக்கு நல்லாருக்குமா தம்பி?"

 புலியையே கேட்டுவிட்டால் தெரிந்துவிடும், ஆனால் கேட்பதும் தொந்தரவு என்றான் பிச்சைமணி. எல்லாரும் அங்குசாமியின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் நெற்றியைத் தேய்த்தார். கடைசியில், அது தானாக விழித்து எழுந்திருக்கிற வரைக்கும் நாம் முதுகைக் காட்டி நிற்போம், எழுந்ததும் திரும்பிக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார். இத்தனை நல்ல தீர்ப்பு தன் வாயிலிருந்து வந்ததில் அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அய்யாவையும் மெதுவாகத் திருப்பி நிறுத்தினார்.

முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவர்களுக்குப் புலி எழுந்தது எப்படித் தெரியும்? இதை யாரும் யோசிக்கவில்லை. புலி எழுந்தது. சோம்பல் முறித்தது. அகழி ஓரத்துக்கு வந்து தண்ணீர் குடித்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. புலி நேராக அய்யாவின் முதுகைப் பார்த்து ஓர் உறுமல் உறுமியது.

"கூப்பிடுதுடா. திரும்பட்டுமா?" என்றார் அய்யா மெல்ல.

"யாரைக் கூப்பிடுதுன்னு தெரியலையே அய்யா. நம்ம பேரைச் சொல்லலையே" என்றார் அங்குசாமி.

அய்யா திரும்பவில்லை. அவரும் ஓணாம்பட்டிதானே. சாயங்காலம் காவலாளி விசில் ஊதி எல்லாரையும் வெளியே அனுப்பினார். புலி கூண்டுக்குள் போய்விட்டது. மறுநாள் அங்கே வார விடுமுறை. அதற்கடுத்த நாள் ஆபரேஷன்.  கிழவர் வேனில் ஏறி, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டார்.

அங்குசாமிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. புலி பத்தடி தூரத்தில் நிற்கும்போது பெற்ற தகப்பனுக்கு அதன் எதிர்த்திசையைக் காட்டிய மகன் உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. தன்னைத் தானே ஒரு அறை விடலாமா என்று பார்த்தார். அங்கே வாங்கிப் போட்டிருந்த கம்பளித் தொப்பி இடைஞ்சலாக இருந்தது.

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்புவதற்கு முன், பிள்ளைக்குப் பால் வாங்க ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினார்கள். பனிமூட்டம் கையை நீட்டினால் கை தெரியாத அளவுக்கு இருந்தது. அங்குசாமி தலையைக் குனிந்துகொண்டு தனியாக நடந்தார். ஏதோ ஒரு பெரிய பலகையின் பின்பக்கம் வந்து நின்று மூக்கைச் சிந்தினார். பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு போட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

"சார், படம் எடுக்கணுமா? ஓட்டையில தலையை விடுங்க. கேமராவைத் துடைச்சுட்டு வர்றேன்."

பலகையில் முகம் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. முன்பக்கம் என்ன வரைந்திருக்கிறது என்று அங்குசாமி பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லவும் இல்லை. தலையை விடச் சொன்னார், விட்டார்.

கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து அய்யா தடுமாறிக்கொண்டு வந்தார், பின்னாலேயே மற்றவர்களும். கிழவர் சட்டென்று நின்றார். கையை நெற்றியில் வைத்து உற்றுப் பார்த்தார். மஞ்சள் உடம்பு, கறுப்புக் கோடு. இரண்டு காலில் நிமிர்ந்து, ஒரு கையை இடுப்பில் வைத்து, ஒரு கையை மேலே தூக்கி நின்றது.

"புலி" என்றார் அய்யா. குரல் உடைந்து போயிருந்தது. "ரெண்டு கால்லதான் நிக்குது. கை அதே மாதிரி. நான் ஆடுனது சரிதாண்டா. அச்சு அசலா நான் ஆடுனதேதான்."

கிழவர் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மற்றவர்களும் ஆடாமல் அசையாமல் நின்றார்கள். இங்கே தொந்தரவுப் பலகை எதுவும் இல்லை என்பதைப் பிச்சைமணி சுற்றிப் பார்த்து உறுதி செய்தான். புலிக்கு மீசை வெட்டி விட்டிருக்கிறார்களே என்று செல்லக்கிளி வியந்தாள். குளிருக்குத் தொப்பியும் போட்டுவிட்டிருக்கிறார்கள், அரசாங்கம் நன்றாகத்தான் கவனிக்கிறது என்றான் பிச்சைமணி. முகம் யார் சாயலிலோ இருக்கிறது, யார் என்று நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது என்றாள் சிட்டம்மாள்.

பலகைக்குள் இருந்த அங்குசாமிக்கு எதிரே பனிதான் தெரிந்தது. காது மட்டும் கேட்டது. அய்யா புலியைப் பார்த்துவிட்டார். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அங்குசாமி, எங்கடா இருக்க? ஓடியா, புலி நிக்குதுடா" என்று கூப்பிட்டார் அய்யா.

அங்குசாமி தலையை உருவிக்கொண்டு பலகையைச் சுற்றி ஓடிவந்தார். அய்யா பக்கத்தில் நின்று பார்த்தார். உடம்பு இருந்தது, வால் இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை.

"அய்யய்யோ, தலையைக் காணோமே" என்று அங்குசாமி பதறிப் போனார்.

"இப்ப இருந்துச்சே அண்ணே" என்றான் பிச்சைமணி. ஆள் புதிது என்பதால் கூச்சப்பட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது, ஆமை செய்வதில்லையா என்று விளக்கமும் சொன்னான். ஆகவே அண்ணன் கொஞ்சம் மறைந்து நிற்க வேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். மறைவதற்கு அந்தப் பலகையை விட்டால் வேறு இடம் இல்லை. அங்குசாமி பின்னால் போய் நின்றார். போட்டோக்காரர், தலையை விடுங்க சார் என்று சத்தம் போட்டார். விட்டார்.

"வந்துருச்சு, வந்துருச்சு" என்று குடும்பமே சொன்னது. அங்குசாமி அடித்துப் பிடித்து ஓடிவந்தார். போய்விட்டது. மறுபடி போனார், வந்தது. வந்தார், போனது. மூச்சு வாங்கி இனி முடியாது என்று அவர் பலகைக்குப் பின்னாலேயே நின்றுவிட்ட ஒரு தடவையில், போட்டோக்காரர் அய்யாவைப் புலிக்கு அருகில் நிறுத்தி, மற்றவர்களையும் சுற்றி நிற்க வைத்துப் படத்தை எடுத்தார்.

வேன் மலை இறங்கியது. படம் கைக்குக் கை மாறி அங்குசாமியிடம் வந்தது. நடுவில் புலி. பக்கத்தில் அதே மாதிரி ஒரு கையை இடுப்பில் வைத்து, ஒரு கையைத் தூக்கி அய்யா. சிட்டம்மாள், பிச்சைமணி, குழந்தையோடு செல்லக்கிளி. அங்குசாமி நெடுநேரம் பார்த்தார். அய்யா சிரிக்கிற சிரிப்பைப் பார்க்க அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"எல்லாரும் இருக்கீங்க. நான் மட்டும் இல்லையே அய்யா" என்றார்.

அய்யா மகனின் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"விடுடா. எனக்கே எம்பது வயசுலதான் கொடுத்து வச்சிருக்கு. உனக்கு இன்னும் வயசு கிடக்கு."