ராஜா செட்டும் சிப்பாய் செட்டும்

கூழைக்குளத்தில் யாரும் எதையும் யோசிக்காமல் செய்ய மாட்டார்கள். யோசித்துத்தான் செய்வார்கள். அந்த ஊருக்கு வந்த கஷ்டங்கள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

ஊர் அடிபம்புக்கு ஒரு கமிட்டி உண்டு. தலைவர் தளவாய், வயதில் மூத்தவர், எல்லாருக்கும் அண்ணாச்சி. பிச்சுமணிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், அதனால் மூளை அவர் பொறுப்பு. வேலாண்டிக்கு உடம்பில் பலம். நாலாவது ஆள் மாசானம். அவருக்கு என்ன பொறுப்பு என்று யாரும் சொன்னதில்லை. மற்ற மூன்று பேரும் ஒரு முடிவெடுத்தால் அது யார் தலையிலாவது விழ வேண்டும் அல்லவா, அதற்காக அவரை வைத்திருந்தார்கள்.

ஒருநாள் குன்றுமணி டூல்ஸ் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் பைக்கில் வந்து இரண்டு பெட்டிகளை இறக்கினான். ஒன்று சிவப்பு. உள்ளே மெத்தை, மெத்தையில் ஒவ்வொரு சாமானுக்கும் அதனதன் உருவத்தில் பள்ளம். அது ராஜா செட்டு, விலை கூடினது. மற்றது சாம்பல் நிறத் தகரப் பெட்டி. அதற்குள் சுத்தியலும் பிளேயரும் ஸ்பேனரும் சந்தைக்குப் போகிற கோழிகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. அது சிப்பாய் செட்டு, விலை குறைந்தது.

"ரெண்டுமே எங்க கம்பெனிதான். ரெண்டுக்கும் ஒரே வேலையைக் கொடுங்க. பாரபட்சம் மட்டும் பாக்காதீங்க. திரும்பி வரும்போது எது நல்லதுன்னு சொல்லுங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தளவாய் இரண்டு பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே கம்பெனி. அப்பன் ஒருத்தன்தான். பிறகு ஏன்வே ஒண்ணு மட்டும் மெத்தையில படுத்திருக்கு?"

"மெத்தையில படுத்திருக்கதனாலதான் அண்ணாச்சி அது ராஜா" என்றார் பிச்சுமணி. "நீங்களும் மெத்தையில கிடந்தா உங்களுக்கும் விலை கூடும்."

தளவாய் மெத்தையை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துக்கொண்டார்.

சிவப்புப் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. சாம்பல் பெட்டியில் இல்லை. இது பாரபட்சம் என்று பிச்சுமணி சீட்டை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதியாக வைத்தார். சிவப்புப் பெட்டிக்கு வந்த பாதியில் 'குழந்தைகள் கைக்கு' என்று இருந்தது. சாம்பல் பெட்டிக்கு வந்த பாதியில் 'எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று இருந்தது. அப்படியே செய்தார்கள். ராஜா செட்டைத் தெருப்பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். சிப்பாய் செட்டை வேலாண்டி தென்னை மரத்து உச்சியில் கட்டி வைத்துவிட்டு வந்தார். பிறகு வேலைக்கு வேண்டும் என்று ஒன்றை முறுக்குக் கொடுத்து வாங்கினார்கள், இன்னொன்றை மட்டையோடு இறக்கினார்கள்.

முதல் வேலை, தளவாய் வீட்டுச் சுவரில் காலண்டருக்கு ஓர் ஆணி. ராஜா சுத்தியல் அடித்தது. அதே வேலையைச் சிப்பாய்க்கும் கொடுக்க வேண்டும், எனவே ஆணியைப் பிடுங்கிச் சிப்பாய் சுத்தியலால் அதே ஓட்டையில் அடித்தார்கள். சுலபமாக இறங்கியது.

"சிப்பாய்தான் ஒசத்தி" என்றார் வேலாண்டி.

"அதெப்படி?" என்றார் பிச்சுமணி. "ராஜா போட்டுவச்ச ஓட்டையில சிப்பாய் நுழைஞ்சிருக்கு. ராஜாவுக்கும் போட்ட ஓட்டையில ஒரு அடி கொடுக்கணும்லா?"

கொடுத்தார்கள். பிறகு சிப்பாய்க்கு ஓர் அடி குறைந்தது. அதையும் கொடுத்தார்கள். இப்படியே நியாயம் இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டே போய், கடைசியில் சுவர் முடிந்து அடுத்த வீட்டு அடுப்படி தெரிந்தது. அது வேலாண்டியின் வீடு. உள்ளே மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. காலண்டர் மாட்ட இடமில்லை என்றாலும் குழம்பு வாங்கத் தெருவைச் சுற்ற வேண்டியதில்லை என்று தளவாய் திருப்தியானார்.

மாசானத்தின் மகள் செண்பகத்துக்கு நிச்சயதார்த்தம் வந்தது. அன்றைக்குக் காலையில் பார்த்து அடிபம்பு ஆடியது. சமையலுக்குத் தண்ணீர் வேண்டும். கமிட்டி கூடி, பம்பின் மேல்மூடியைக் கழற்றி, உள்ளே ஒரு நட்டை முறுக்கத் தொடங்கியது. ராஜா ஸ்பேனர் முறுக்கியது. உடனே சிப்பாய் ஸ்பேனருக்கும் முறுக்க ஒரு நட்டு வேண்டும் என்பதால் அதைத் தளர்த்தினார்கள். சிப்பாய் முறுக்கியது. ராஜாவுக்காகத் தளர்த்தினார்கள். வெயில் ஏற ஏற நட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

வேர்த்துப்போன வேலாண்டியின் கையிலிருந்து ராஜா ஸ்பேனர் வழுக்கிப் பம்பின் கழுத்துக்குள் விழுந்து, ஒரு முழ ஆழத்தில் குறுக்கே மாட்டிக்கொண்டது. எல்லாரும் மாசானத்தைப் பார்த்தார்கள்.

மாசானம் வலது கையை உள்ளே விட்டார். ஸ்பேனர் அகப்பட்டது. கெட்டியாகப் பிடித்து இழுத்தார். மூடிப் பிடித்த கை குறுகலான கழுத்தைத் தாண்டி வரவில்லை. பிடியை விட்டால் கை வரும், ஆனால் ராஜா பாதாளத்துக்குப் போய்விடும்.

"விட்டுராதீரும் வே! விலை கூடின சாமான்" என்றார் தளவாய்.

மாசானம் விடவில்லை. அந்தக் கைதான் கொஞ்ச நேரத்தில் சம்பந்தியோடு தட்டு மாற்ற வேண்டிய கை என்பது அவருக்கு நினைவில் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

அவர் மனைவி பேச்சி பட்டுச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்தாள். "ஏ மனுசா! மாப்பிள வீட்டுக்காரங்க வந்து உக்காந்தாச்சு. குழாய்க்குள்ள கையை விட்டு என்னத்தத் தேடுதீரு?"

"ராஜாவைப் பிடிச்சிருக்கேன்."

"எந்த ராஜாவை?"

"ஸ்பேனரு."

"விட்டுத்தொலச்சிட்டு வாரும்! எம் மகளை ஸ்பேனருக்கா கட்டிக்கொடுக்கப் போறீரு?"

"மதினி, இது கமிட்டி விசயம்" என்றார் பிச்சுமணி. அவள் கமிட்டியில் இல்லாததால் அவள் சொன்னது கணக்கில் சேரவில்லை.

இடது கையால் தட்டு மாற்றினால் என்ன என்று தளவாய் கேட்டார். பேச்சி பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே செத்தது. பம்பைப் பிடுங்கி நிச்சயதார்த்த வீட்டுக்கே தூக்கிப்போய்விடலாம் என்று வேலாண்டி அதைக் கட்டிப்பிடித்து ஒரு தம் கட்டினார். பம்பு வரவில்லை. மாசானத்தின் தோள்தான் கொஞ்சம் வந்தது.

"ஐயோ, சிப்பாய் ஸ்பேனருதான் உங்க கையில இருக்குல்லா" என்று முனகினார் மாசானம். "அதை வச்சுக் கழுத்தைக் கழத்துனா கை வந்துரும்லா?"

கமிட்டி குனிந்து எண்ணிப் பார்த்தது. கழுத்தில் நாலே நட்டுகள்தான் இருந்தன.

"நீரு சொல்லுதது நடக்கும்" என்றார் பிச்சுமணி வருத்தத்தோடு. "ஆனா உம்ம கையை மீட்டது சிப்பாய்னு ஆயிரும். ராஜாவுக்கும் உம்ம கையை மீட்க ஒரு வாய்ப்பு கொடுக்கணும். ராஜா உம்ம கைக்குள்ளல்லா இருக்கு?"

"அப்ப சிப்பாயும் சும்மாதான் இருக்கணும்" என்றார் தளவாய். சிப்பாய் ஸ்பேனரை ஒரு துண்டில் சுற்றி நிழலில் வைத்தார்கள்.

பேச்சி தலையில் அடித்துக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போனாள்.

மாசானம் பம்பைக் கட்டிக்கொண்டு நின்றபடி யோசித்தார். உள்ளே விழுந்தது சிப்பாயாக இருந்திருந்தால் நான் இந்நேரம் விட்டிருப்பேனோ? விட்டிருப்பேன். விட்டுவிட்டுப் போய் வேட்டி மாற்றி வெற்றிலை போட்டிருப்பேன். அப்படியானால் என்னைப் பிடித்து வைத்திருப்பது ஸ்பேனரா, அதன் விலையா? இந்த இடத்தில் அவருக்குப் பயம் வந்துவிட்டது, மேற்கொண்டு யோசிக்கவில்லை. பாரபட்சமாக நினைத்துவிட்டோமே என்ற வெட்கம் மட்டும் மிஞ்சியது.

நல்ல நேரம் முடியப் போகிறது என்று சம்பந்தி ஆவுடையப்பனே தட்டைத் தூக்கிக்கொண்டு பம்படிக்கு வந்துவிட்டார். பேச்சி பின்னாலேயே பெண் வீட்டுத் தட்டோடு வந்தாள். ஆவுடையப்பன் பக்கத்து ஊரில் விவரமானவர் என்று பேர் எடுத்தவர். நடந்ததை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி வே" என்றார். "ராஜா ஒரு ஆளைப் பிடிச்சு நிறுத்தியிருக்கு. ஒத்துக்கிடுதேன். ஆனா சிப்பாய் பிடிக்குமா பிடிக்காதான்னு பாத்தீரா?"

கமிட்டி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. இவ்வளவு பெரிய நியாயம் எப்படி விட்டுப்போனது?

"பாக்கணும்னா கழுத்து காலியாகணுமே" என்றார் தளவாய்.

"அப்ப மாசானம் கையை எடுத்துத்தான் ஆகணும்" என்றார் பிச்சுமணி. "நியாயம்னா நியாயம்."

மகளுக்காக விடாத பிடியை நியாயத்துக்காக மாசானம் விட்டார். ராஜா ஸ்பேனர் டங் டங்கென்று இடித்துக்கொண்டே போய் எங்கோ ஆழத்தில் தண்ணீரில் விழுந்தது. கை வெளியே வந்தது. பேச்சி உடனே தட்டை நீட்டினாள். "பிடியும், இப்பவே மாத்தும்!"

"இரு மதினி. சிப்பாய் பாக்கி" என்ற வேலாண்டி, அதையும் கழுத்துக்குள் அதே இடத்தில் குறுக்கே வைத்தார்.

மாசானம் மறுபடி கையை விட்டார். பிடித்தார். இழுத்தார். வரவில்லை. விலை குறைந்த சாமான்தானே என்று மனம் சொல்லி முடிக்கும் முன்பே விரல்கள் விரிந்துவிட்டன. கை வெளியே இருந்தது. சிப்பாயும் ராஜா போன வழியே போனது.

கமிட்டி பெருமூச்சு விட்டது.

"தீந்தது சந்தேகம்" என்றார் பிச்சுமணி. "ராஜா காலையிலேருந்து பிடிச்ச பிடியை விடல. சிப்பாய் ஒரு நொடி தாங்கல. இரும்புன்னா அது இரும்பு. கம்பெனிக்காரன் வந்தா சொல்லிருவோம்."

மாசானம் வேட்டியில் கையைத் துடைத்து, பேச்சியிடமிருந்து தட்டை வாங்கி, வலது கையை முன்னால் வைத்து நிமிர்ந்து நின்றார். இப்போது எதிரே ஒரு வலது கை வர வேண்டியதுதான் பாக்கி.

அது வரவில்லை. ஆவுடையப்பன் தன் தட்டைப் பம்பு மேடையில் வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டதை வச்சு நம்புத ஆள் நான் இல்ல. எங்க ஊருக்கும் ஒரு செட்டு வாங்கணும். ராஜாவோட பிடி எப்படின்னு நானே பாக்கேன்" என்று, ஒன்றுமில்லாத கழுத்துக்குள் வலது கையை விட்டு, முஷ்டியை இறுக்கி மூடி, பலம் கொண்ட மட்டும் இழுத்தார். இன்னும் இறுக்கி மூடி, இன்னும் இழுத்தார். கை வரவில்லை. அவர் முகம் ஆனந்தத்தில் சிவந்தது.

"விட மாட்டேங்கான் வே!"

பிச்சுமணி குழாயில் காதை வைத்துக் கேட்டார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"அத்தன ஆழத்துல கிடந்துக்கிட்டே பிடிக்கான் பாத்தீயளா அண்ணாச்சி" என்றார். "இதையே சிப்பாய் செய்யுமா?"